கூம்பு மாட்டிய பூனை சாப்பிட மறுத்தால்

கருத்தடை அறுவை முடிந்து, தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியதிலிருந்து பூனை பின்னோக்கியே நடக்கிறது, சாப்பாட்டைத் தொடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நடையைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் ஓரிரு நாள் பல பூனைகள் அப்படித்தான். சாப்பாட்டைத்தான் கவனிக்க வேண்டும். அகலக் கிண்ணமென்றால் கூம்பின் விளிம்பு முதலில் இடிக்கும், வாய் எட்டாது. கூம்பின் வாயைவிடச் சிறிய, ஆழமில்லாத தட்டை ஒரு டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். கூம்பு தட்டைச் சுற்றி இறங்கிவிடும். பூனை கழிவு போகும் மணல் பெட்டிக்கு மூடி இருந்தால், கூம்பு இடிக்காதபடி அதை எடுத்துவிடுங்கள். கூம்பின் கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். பரிதாபப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள் (அந்த முகத்தைப் பார்த்தால் மனம் இளகத்தான் செய்யும்). அரம் போன்ற நாக்கு தையலைப் பிரித்துவிடும். ஒரு நாள் முழுக்க எதுவுமே சாப்பிடவில்லையென்றால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கூம்புக்குப் பதில் துணிச்சட்டை போடலாமா என்றும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.