கூட்டாட்சி பற்றி நாடுகள் கூடிப் பேசுவதால் பயன் உண்டா, வெறும் மாநாட்டுச் செலவா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாநாட்டு அறையோடு முடிந்தால் செலவுதான். நான் கிராம ஊராட்சித் தலைவியாக இருந்தவள். எங்கள் ஊருக்கு நேபாளத்திலிருந்து உள்ளாட்சிப் பிரதிநிதிகள் சிலர் வந்தார்கள். அதை வைத்துச் சொல்கிறேன்.

நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு ஒன்றியம், 7 மாகாணங்கள், உள்ளாட்சிகள் என்று மூன்று அடுக்கிலும் அதிகாரத்தைப் பிரித்தது; அங்கே உள்ளாட்சிகள் 753. வந்தவர்களில் ஒரு அம்மா கிராம நகராட்சியின் (நம் ஊராட்சி மாதிரியான அங்குள்ள உள்ளாட்சி) துணைத் தலைவர். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாம் அவர் தலைமையிலான நீதிக் குழுவுக்குத்தான் வருமாம். எங்கள் ஊரில் அது ஸ்டேஷனுக்குப் போகும், அப்புறம் கோர்ட்டுக்கு.

அவர் கணக்கு நோட்டைக் கேட்டார். காட்டினேன். இரண்டாம் கணக்கில் பணம் இருந்தது, பொதுச் செலவுக்கான முதல் கணக்கு காலி. குடிநீர் மோட்டார் எரிந்து கிடந்தது. "இதிலிருந்து எடுத்துச் சரிசெய்ய வேண்டியதுதானே?" என்றார். அது கரண்ட் பில்லுக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் மட்டும் என்றேன். மொழிபெயர்த்த பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதி வைக்கும் நம் வீட்டு வரி கேட்புப் பதிவேட்டைப் பார்த்து, இதே மாதிரி தங்கள் ஊரிலும் வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்த மேடையிலும் நடக்காது.

அவர்களுடைய அரசியலமைப்பின் 8-ஆவது அட்டவணை பள்ளிக் கல்வி உட்பட 22 அதிகாரங்களை உள்ளாட்சிக்கே எழுதிக் கொடுத்திருக்கிறது. நமது அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென 29 துறைகள் இருந்தாலும் எதைக் கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கக்கூட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 205-ஆவது பிரிவில் கலெக்டருக்கு வழி இருக்கிறது.

இதைச் சொன்னால் மாநில உரிமைக்கு எதிரானவள் என்பார்கள். இல்லை. சரக்கு சேவை வரி பற்றி ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து முடிவெடுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு; முக்கால் பங்கு ஆதரவு இல்லாமல் எதுவும் நிறைவேறாது. அதாவது எல்லா மாநிலமும் சேர்ந்தாலும் ஒன்றியத்தை மீற முடியாது. அது தப்பென்று நானும்தான் சொல்கிறேன். டெல்லியிடம் கேட்கும் நியாயத்தை ஊராட்சிக்கும் கொடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நேபாளத்தில் 2017-இல் உள்ளாட்சித் தேர்தல், அடுத்தது 2022-இல். இங்கே தமிழ்நாட்டில் 2016-இல் பதவிக்காலம் முடிந்து, ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களுக்கு. எங்கள் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் மறுபடி அரசு நியமிக்கும் தனி அலுவலரிடம் போனது ஊராட்சி.