ஒரு வாளித் தண்ணீரில் கார் கழுவலாமா? ஸ்டுட்கார்ட் தம்பிக்கு அருவங்காட்டிலிருந்து

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: ஜெர்மனியில் முதல் குளிர்காலம், கையில் ஒரு பழைய கறுப்பு கார். வாசலில் குழாய் போட்டுக் கழுவப் போனபோது வீட்டுக்காரர் கூடாது என்று சொல்லிவிட்டார். கூட வேலை பார்ப்பவர், அலசவே வேண்டாத ஒரு திரவம் இருக்கிறது, வாங்கு என்கிறார். பெயின்ட்டில் கோடு விழாதா என்று உங்களுக்குப் பயம். நான் இப்போது லீவில் அருவங்காட்டு வீட்டில் இருக்கிறேன். நீங்களும் குன்னூர்ப் பக்கம் என்பதால் நம் மலையை வைத்தே சொல்கிறேன்.

வீட்டுக்காரர் மேல் வருத்தம் வேண்டாம். அங்கே பல ஊர்களில் தெருவிலும் வாசலிலும் கார் கழுவத் தடை உண்டு. எண்ணெயும் பிரேக் தூளும் மழைநீர்க் கால்வாயில் இறங்கி ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்விடும் என்பதுதான் காரணம். ஒரு வாளிதானே என்று நீங்களாக முடிவு செய்யாமல், கீழ்த்தள பார்க்கிங்கில் செய்யலாமா என்று கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். முடிந்ததும் அழுக்குத் தண்ணீரை உங்கள் வீட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள். சாலையோரச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

இனி கோடு. கோடு போடுவது மண். தண்ணீர் குறைவு என்பதால் மட்டும் கோடு விழுவதில்லை. கார் பெயின்ட்டின் மேல் நிறமில்லாமல் பூசியிருக்கும் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியை விட மெல்லிசு. நம் மலையில் விடியற்காலையில் பனி படிந்த வண்டியை டிரைவர்கள் பனியன் வேஸ்ட்டால் பரபரவென்று துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி பளிச்சென்று இருக்கும். வெயில் ஏறியதும் பாருங்கள், பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். பனி ஈரத்துக்கு வழுவழுப்பு இல்லை, துணியோடு மணலும் சேர்ந்து தேய்கிறது. அந்தத் திரவத்தில் இருக்கும் பாலிமர் மண் துகளைச் சுற்றிக்கொண்டு, பெயின்ட்டுக்கும் துகளுக்கும் நடுவே வழுக்கலைக் கொடுக்கிறது. அதனால்தான் அலசாமலேயே துடைத்தெடுக்க முடிகிறது.

அளவை மீறாதீர்கள். அதிகம் ஊற்றினால் நன்றாகப் போகும் என்று நினைப்போம், கண்ணாடியிலும் கறுப்பு பெயின்ட்டிலும் திட்டுத்திட்டாக நிற்கும். நீங்கள் வாங்கும் திரவம் ஆப்டிமம் நோ ரின்ஸ் என்றால் 256 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, அதாவது 10 லிட்டருக்கு சுமார் 40 மில்லி. வேறு கம்பெனி என்றால் பாட்டிலில் போட்டிருப்பதுதான் கணக்கு. அதே கலவையில் கொஞ்சம் ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி, துடைக்கப் போகும் பகுதியில் தாராளமாக அடித்து ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். இந்த ஊறலைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியம் இதுதான்.

வாளியில் மைக்ரோஃபைபர் துண்டுகள் எட்டு, பத்து ஊறட்டும். ஒன்றை எடுத்து நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், ஒரே திசையில், துண்டின் எடையே அழுத்தம் என்கிற அளவுக்கு லேசாக. ஒரு முகம் அழுக்கானதும் திருப்புங்கள். எட்டும் முடிந்த துண்டு மறுபடி வாளிக்குள் போகவே கூடாது, போனால் வாளித் தண்ணீர் முழுக்க மண். கை தவறித் தரையில் விழுந்த துண்டும் அப்படியே, அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பகுதியையும் துடைத்த கையோடு, அடர்த்தியான காய்ந்த துண்டை மேலே வைத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள். வீல், கதவின் அடிப்பாகம் கடைசியில், அதற்குத் தனித் துண்டு.

ஆனால் இந்த முறை எல்லா அழுக்குக்கும் ஆகாது. இங்கே மழையில் எஸ்டேட் ரோட்டில் போய்வந்த ஜீப்பில் செம்மண் அப்பிக்கொண்டு நிற்கும், அதைத் துண்டால் தொடுவது பெயின்ட்டுக்குச் செய்யும் அநியாயம். நேரே வாட்டர் சர்வீஸுக்குத்தான் விடவேண்டும். உங்களுக்கு அங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் தூவும் உப்பு. காசு போட்டால் ஓடும் வாஷ் பாக்ஸில் பிரஷர் கன்னால் மேலும், முக்கியமாக வண்டியின் அடிப்பக்கமும் அடித்துவிட்டு, பிறகு துண்டை எடுங்கள். சொந்த வாளி கொண்டுவரக் கூடாது என்று பல இடங்களில் போர்டு இருக்கும், அதனால் அங்கே தண்ணீர் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு, சனிக்கிழமையே போய்விடுங்கள். உறைநிலைக்குக் கீழே போன நாளில் வெளியே கழுவவே வேண்டாம், ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தா உறைபனி மாதிரி தண்ணீர் அப்படியே பெயின்ட்டில் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

சாதாரணத் தூசிக்கு இதை நான் முழு மனதோடு சொல்வேன். கோடையில் ரேலியா அணை வற்றி, குழாய்த் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்திருக்கும் குன்னூரில், அப்பாவின் காரை அரை வாளியில் முடிக்கிறேன். குடிக்கிற தண்ணீரைக் குழாய் போட்டுக் காரில் ஊற்ற எனக்கு மனசு வருவதில்லை.

துண்டுகளைத் தனியாகத் துவையுங்கள், துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல். சேர்த்தால் ஈரத்தை உறிஞ்சாது. பழைய கார் என்பதால் கிளியர் கோட்டில் ஏற்கெனவே கீறல் இருக்கும். முதல் தடவை கழுவும் முன் இருட்டில் டார்ச் அடித்து பானெட்டையும் கதவுகளையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது பழைய கீறல், எது உங்கள் கையால் வந்தது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.