தொடுவானத்திலிருந்து வந்த நியூட்ரினோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிசிலித் தீவுக்கு அருகே ஆழ்கடலில் பதிவான, 220 பெட்டா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பதினொன்றாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் மூன்று கேள்வி கேட்டார்கள். விண்வெளியிலிருந்து வருவது தலைக்கு மேலிருந்துதானே வரவேண்டும், அது ஏன் படுக்கைவசத்தில் வந்தது? இரவில் வலையை இழுக்கும்போது எங்கள் கடலே மினுங்கும். ஆழ்கடலிலும் ஒளிரும் உயிர்கள் உண்டே, அந்த வெளிச்சத்துக்கு நடுவே இதை எப்படிப் பிரித்தறிந்தார்கள்? அதைப் பதிவுசெய்த கருவியை நம் மன்னார் வளைகுடாவில் போட முடியாதா?

ஜெனிட்டா, தங்கச்சிமடம்

அன்புள்ள ஜெனிட்டா,

முதல் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்தக் கண்டுபிடிப்பை நம்பலாமா என்பதே அதில்தான் அடங்கியிருக்கிறது.

கருவி நியூட்ரினோவை நேரடியாகப் பார்ப்பதில்லை. பாறையிலோ நீரிலோ நியூட்ரினோ மோதினால் மியூவான் என்ற துகள் பிறக்கலாம். நீருக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட அந்த மியூவான் வேகமாகப் போகும். அப்போது தன் பாதைக்கு ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் நீல ஒளியை விரித்துக்கொண்டே செல்லும். அதுதான் செரன்கோவ் ஒளி. பதிவாவது அதுதான்.

சிக்கல் என்னவென்றால், நியூட்ரினோ இல்லாமலும் மியூவான் பிறக்கும். காற்றுமண்டலத்தில் காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள், மோதுவதால் மியூவான் மழை ஓயாமல் பெய்கிறது. விரித்த உள்ளங்கை வழியே நொடிக்கு ஒன்றாவது போய்க்கொண்டிருக்கிறது. மூன்றரை கிலோமீட்டர் நீருக்கு அடியில் அது பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறையும், ஆனால் நிற்காது. ஆகவே மேலிருந்து வரும் ஒற்றைத் தடத்தை வைத்து எளிதில் முடிவு சொல்ல முடியாது. சரி, கீழிருந்து, பூமியைத் துளைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாமே என்றால், குறைந்த ஆற்றல் நியூட்ரினோவுக்கு அது சரி. ஆற்றல் கூடக் கூட நியூட்ரினோ மோதும் வாய்ப்பும் கூடும். 100 பெட்டா எலெக்ட்ரான் வோல்ட்டை (பெட்டா என்றால் ஒன்றுக்குப் பின் 15 சுழியம்; இனி பெட்டா என்றே சொல்கிறேன்) தாண்டியதற்குப் பூமி முழுவதும் ஒரு சுவர். மேலே இரைச்சல், கீழே சுவர். மிச்சம் இருப்பது தொடுவானத்தை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டைதான்.

2023 பிப்ரவரி 13 அன்று வந்த துகளின் தடம் தொடுவானத்துக்கு மேலே 0.6 பாகையில் இருந்தது. அந்தத் திசையில் கருவிக்கு முன்னால் மால்டா பக்கத்துக் கடலடிப் பாறையும் நீருமாகச் சுமார் 140 கி.மீ. கிடக்கிறது. மியூவான் எவ்வளவு ஆற்றலோடு புறப்பட்டாலும் சில பத்து கி.மீ.க்குள் தீர்ந்துபோகும். எனவே அது காற்றில் பிறந்து வந்திருக்க முடியாது. ஒரு நியூட்ரினோ பாறைக்குள் நெடுந்தூரம் வந்து, கருவிக்குக் கொஞ்சம் முன்னால் மோதியிருக்க வேண்டும்.

இந்த உத்தி நமக்குப் புதிதல்ல. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், 2.3 கி.மீ. ஆழத்தில், காற்றுமண்டல நியூட்ரினோக்களைக் கண்டவர்களும் செங்குத்தாக நிறுத்திய கருவிகளை வைத்துப் பக்கவாட்டில் வரும் மியூவானைத்தான் தேடினார்கள். பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி வெளிச்சம். சிசிலிக் கடலில் உள்ள கருவியின் பெயர் ஆர்கா. கேஎம்3நெட் திட்டத்தின் ஒரு பகுதி. அதன் அமைப்பு உங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும்: அடியில் நங்கூரம், உச்சியில் மிதவை, நடுவே சுமார் 700 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் 36 மீட்டர் இடைவெளியில் 18 கண்ணாடி உருண்டைகள். ஒவ்வொன்றும் 43 செ.மீ. விட்டம், உள்ளே மிக மங்கலான ஒளியையும் மின் துடிப்பாக மாற்றும் 31 ஒளிப்பெருக்கிக் குழாய்கள். 3,450 மீட்டரில் சுமார் 350 மடங்கு வளி அழுத்தம். இரண்டு அரைக்கோளங்கள் சேரும் விளிம்பில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அழுத்தம் அங்கே குவிந்து கண்ணாடி செதிலாகப் பெயரும். கயிற்றை உருண்டைகளோடு ஒரு பெரிய கோளச் சட்டத்தில் சுற்றி, கடலடியில் இறக்கி, அங்கே அவிழ்த்துவிடுகிறார்கள். சட்டம் உருண்டபடியே மேலே மிதந்து வர, கயிறு விரிந்து நிற்கிறது.

நீங்கள் கேட்ட மினுங்கல் அங்கேயும் உண்டு. ஆனால் அதைவிட ஓயாத தொல்லை உப்பு. கடல் உப்பிலுள்ள பொட்டாசியம்-40 சிதையும்போது வெளிவரும் எலெக்ட்ரானும் செரன்கோவ் ஒளி தரும். ஒரு குழாய்க்கு நொடிக்கு ஏறத்தாழ 7,000 துடிப்பு. அன்று கடலில் இருந்தது 21 கயிறு, 11,718 குழாய். பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு எட்டுக் கோடிக்கு மேல்.

பிரிப்பது நேரத்தை வைத்து. உப்பின் ஒளி ஒரு உருண்டையோடு முடிந்துவிடும். பக்கத்து உருண்டைக்கும் அதற்கும் தொடர்பிருக்காது. உயிர்களின் ஒளி, கயிற்றில் நீரோட்டம் மோதிக் கலங்கும்போது எழுந்து, நொடிக்கணக்கில் நீடித்து அடங்கும். எண்ணிக்கை எல்லை மீறும் குழாயை அந்த நேரத்துக்குக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவார்கள். மியூவானின் ஒளியோ கயிறு விட்டுக் கயிறு, நானோநொடி பிசகாத வரிசையில் வரும். ஒரு நானோநொடியில் நீருக்குள் ஒளி போவது 22 செ.மீ. ஆகவே கயிறு நீரோட்டத்தில் சாய்ந்தால் அந்தச் சாய்வும் தெரிந்தாக வேண்டும். கடலடியிலிருந்து ஒலி எழுப்பி, ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இருக்கும் ஒலிவாங்கியில் அது வந்துசேரும் நேரத்தைக் கொண்டு இடத்தை அளக்கிறார்கள். தொல்லை தரும் அதே பொட்டாசியம், ஒரே உருண்டைக்குள் இருக்கும் குழாய்களின் கடிகாரங்களை ஒன்றோடொன்று சரிபார்க்கவும் உதவுகிறது.

அன்றைய நிகழ்வில், இயங்கிக்கொண்டிருந்த குழாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி பட்டது. தடத்துக்கு அருகில் இருந்தவை ஒளி மிகுதியால் திணறிப்போயின. அவற்றின் அளவை நம்ப முடியாது. அதனால் எத்தனை குழாய்கள் ஒளி கண்டன என்ற எண்ணிக்கையைக் கொண்டே ஆற்றலைக் கணித்தார்கள். மியூவானுக்குச் சுமார் 120 பெட்டா. அது 60 முதல் 230 வரை இருக்கலாம். 220 என்பது அதிலிருந்து பின்னோக்கிக் கணித்த நியூட்ரினோவின் ஆற்றல். அதன் வரம்பு இன்னும் அகலம். வகுப்பில் சொல்லும்போது 'சுமார்' என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரு கிராம் புளியங்கொட்டை மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் அது, ஒற்றைத் துகளுக்குள்.

மூன்றாவது கேள்விக்கு விடை, முடியாது. உங்கள் தீவுக்கு வடக்கே உள்ள வடகடல் (பாக் விரிகுடா) ஏழெட்டுப் பாகம் (ஒரு பாகம் சுமார் 1.83 மீட்டர்). ஆர்கா இருப்பது 1,880 பாகத்துக்கு மேல். பகல் வெளிச்சம் அடிவரை இறங்கும் இடத்தில் ஒற்றை ஒளித்துகளை எண்ண முடியாது. தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, தெற்கே போகப் போக ஆழம்தான், ஆனால் ஆழம் மட்டும் போதாது. நீல ஒளி அறுபது எழுபது மீட்டராவது மங்காமல் போகும் தெளிவான நீர் வேண்டும், கரையிலிருந்து கேபிள் எட்டும் தூரம் வேண்டும். ஆர்காவின் கேபிளே சுமார் 100 கி.மீ. நீளம். நியூட்ரினோ மோதும்போது நீரில் எழும் மெல்லிய ஒலியைக் கேட்கலாம் என்றும் ஒரு வழி உண்டு. வெதுவெதுப்பான நீரில் அந்த ஒலி பெரிதாக இருக்கும். ஆனால் பவளப்பாறைக் கடலில் சொடுக்கு இறால்கள் எழுப்பும் சடசடப்பில் அது மூழ்கிவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள். கருவியின் நடுப்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே 3.1 கி.மீ. அங்கிருந்து 0.6 பாகை மேல்நோக்கிச் செல்லும் கோடு எத்தனை கி.மீ. போனபின் கடல் மட்டத்தைத் தொடும்? பூமி தட்டை என்று வைத்தால் 296 வரும். கரைக்குத் திரும்பும் படகின் கொடிமரம் ஏன் முதலில் தெரிகிறது என்பதை நினைவூட்டி, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று எடுத்து மறுபடி போடச் சொல்லுங்கள். இருபடிச் சமன்பாடு ஒன்று வரும். விடை 143.