கெட்டதைச் சொன்னால் பிடித்தமா?

கேள்வி: லேத் பட்டறை நடத்துகிறேன், வாகன உதிரிபாகம் செய்வோருக்குப் புஷ் (துளையுள்ள உருளை வடிவ உலோகப் பாகம்) கடைந்து கொடுக்கிறோம். ரிஜெக்டை, அதாவது கெட்டதென்று ஒதுக்கும் பீஸ்களை, குறைப்பதற்காகக் கேமரா பொருத்தி, யார் எத்தனை பீஸைக் கெடுத்தார் என்பதை ஒரு செயலியில் பதிந்து, சம்பளத்தில் பிடித்தம் செய்யத் தொடங்கினேன். பட்டறைக் கணக்கில் ரிஜெக்ட் குறைந்துவிட்டது. ஆனால் வாங்குபவரிடமிருந்து திரும்பி வரும் சரக்கு கூடியிருக்கிறது. இன்னும் சில கேமராக்கள் பொருத்தலாமா?
- ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். கெட்ட பீஸ் குறையவில்லை. கெட்டது என்று எடுத்துச் சொல்வதுதான் உங்கள் பட்டறையில் நின்றுபோயிருக்கிறது.

ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பிழையோடு ஓடுவதைவிட நிற்பது மேல் என்னும் அந்த எண்ணமே, குறையைக் கண்ட தொழிலாளி எவரும் கயிற்றை இழுத்து உதவிக்கு அழைக்கலாம், குறை தீராவிட்டால் லைனே நிற்கும் என்ற நடைமுறையாக டொயோட்டாவின் கார் ஆலைகளில் வளர்ந்தது. கயிற்றை இழுத்தவருக்கு அங்கே பிடித்தம் இருந்திருந்தால் எவர் இழுத்திருப்பார்?

இன்செர்ட்டின், அதாவது லேத்தில் உலோகத்தைச் சீவும் வெட்டுத் துண்டின், முனை தேயும்போது சத்தம் மாறுவதையும், துளையில் கோடு விழுவதையும், அளவு பார்க்கும் கேஜ் நுழைய மறுப்பதையும் முதலில் அறிபவர் லேத்தில் நிற்பவர்தான். கேமராவுக்கு அவருடைய முதுகு மட்டுமே தெரியும். புது இன்செர்ட்டைப் பூட்டிவைத்து, கெஞ்சிக் கேட்டால்தான் தருகிறீர்களா என்பதையும் நேர்மையாக எண்ணிப் பாருங்கள். அப்படியானால் அந்த ரிஜெக்டில் உங்களுக்கும் பங்கு உண்டு.

பிடித்தத்தை இன்றே நிறுத்துங்கள். சேதத்துக்காகச் சம்பளத்தில் கை வைப்பதற்கு முன் தொழிலாளி தம் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்ற விதி, 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் தொட்டே இருக்கிறது. செயலி காட்டும் எண் அந்த விளக்கத்துக்கு ஈடாகாது. செயலியை எறிய வேண்டியதில்லை: ஆள் பெயருக்குப் பதிலாக எந்த மெஷின், எந்த நேரம், இன்செர்ட் மாற்றியது எப்போது என்று பதியச் செய்யுங்கள். ஒவ்வொரு லேத்தின் அருகிலும் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கட்டும். கெட்ட பீஸை அதில் போடுபவரை யாரும் ஒரு சொல் கடிந்து பேசக் கூடாது, குறிப்பாகச் சூப்பர்வைசர். தொடக்கத்தில் பட்டறைக் கணக்கில் ரிஜெக்ட் ஏறும். அதைக் கண்டு பழைய வழிக்குத் திரும்பிவிடாதீர்கள். அதுவரை மறைந்திருந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

வாங்குபவர் திருப்பியனுப்பிய சரக்கை எடைக்குப் போட்டுவிடாமல், கடைந்தவர்களையே அழைத்து மேசையில் வைத்து அவர்களோடு அளந்து பாருங்கள்.