வெயிலும் வலை ஊசியும்

வணக்கம் ஐயா,

வெயிலின் புற ஊதாக் கதிர் மரபணுவைச் சிதைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பா பாம்பனில் முப்பது வருஷமாகக் கடல் தொழில் பார்க்கிறார். சட்டை போடாமல்தான் வலை இழுப்பார். அவர் உடம்பு இத்தனை நாள் எப்படித் தாங்கியது? எது தப்பான எழுத்து என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

ஒரு வாசகர், பாம்பன்

அன்புள்ள தம்பி,

முதலில் அப்பாவின் கறுப்பு நிறம். தோல் செல்லுக்குள் மெலனின் என்ற நிறமித் துகள்கள் உட்கருவின் தலைமேல், வெயில் பார்த்த பக்கமாகக் குவிந்து குடை பிடிக்கின்றன.

மரபணு எழுதியிருக்கும் டிஎன்ஏ, ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகள் வரிசையாக நிற்கும் இரண்டு இழைகளின் முறுக்கு. குடையையும் மீறி நுழையும் கதிர், ஓர் இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு 'டி' எழுத்துகளை ஒட்டிவிடும். அங்கே முறுக்கு கோணலாகிறது. காவல் புரதங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, அந்தக் கோணலைத்தான் பிடிக்கின்றன. பழுது இரண்டே எழுத்து. வெட்டியெடுப்பதோ ஏறத்தாழ 30 எழுத்து நீளத் துண்டு. பிறகு எதிர் இழையில் 'ஏ' இருந்தால் 'டி', 'ஜி' இருந்தால் 'சி' என்று பார்த்துப் பார்த்து நிரப்பி ஒட்டிவிடுகிறது செல்.

உங்கள் ஊர்க் கரையில் ஒரு பெரியவர் வலை சரிசெய்வதைப் பார்த்திருக்கிறேன். கிழிசல் உள்ளங்கை அளவுதான். அவர் அறுத்தெடுத்தது முறம் அளவு. ஏன் என்றேன். "நைஞ்ச கண்ணுல முடிச்சு நிக்காதுப்பா" என்றார். பிறகு பக்கத்துக் கண்களை எண்ணி, வலை ஊசியால் புதுக் கண் போட்டுக்கொண்டே வந்தார். இந்த வெட்டி நிரப்பும் வேலையை விளக்கிய அசீஸ் சாஞ்சாரின் ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் விரல்கள்தான் நினைவுக்கு வரும்.

செல் பிரியும்போது நேரும் நகல் பிழை வேறு மாதிரி. லட்சம் எழுத்துக்கு ஒன்று தப்பாக விழும். எழுதும் நொதியே பின்வாங்கி அழித்துத் திருத்தும். அதிலும் தப்புவதை இன்னொரு கூட்டம் தேடிப் பிடிக்கும். கடைசியில் மிஞ்சுவது 100 கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆனால் இரண்டு இழையிலும் நல்ல எழுத்தே நிற்கும்போது மூலம் எது, நகல் எது? ஈ.கோலை பாக்டீரியாவில் பழைய இழையில் மெத்தில் என்ற அடையாளம் இருக்கும். புதிய இழையில் அது ஏறக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளிக்குள் திருத்தம் முடிந்துவிடுகிறது. இதைக் காட்டியவர் பால் மோட்ரிச். சாஞ்சாரும் மோட்ரிச்சும், டிஎன்ஏ பழுதுபார்ப்பை ஆராய்ந்த தோமஸ் லிண்டாலும் 2015இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சேதம் மிஞ்சிப்போனால் செல் தானே செத்துப்போகும். கடும் வெயிலுக்குப் பின் தோல் உரிவது அதனால்தான்.

இத்தனையும் தாண்டிச் சில பிழைகள் தங்கிவிடும், தம்பி. வயது ஏற ஏறச் சேரும். அப்பாவுக்கு முழுக்கைச் சட்டை வாங்கிக் கொடுங்கள். காது மடல், உதடு, பிடரி இவற்றில் வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ, உருமாறும் மச்சமோ இருந்தால் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.