கேளுங்கள், சொல்கிறோம்: அறுந்து விழும் சட்டைப் பொத்தான்

கேள்வி: என் கணவரின் சட்டைப் பொத்தான்களை எவ்வளவு இறுக்கமாகத் தைத்தாலும் சில வாரங்களிலேயே அறுந்து விழுகின்றன. நூலின் தரம் காரணமாக இருக்குமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நூலைவிட, நீங்கள் குறிப்பிடும் அந்த இறுக்கமே காரணமாக இருக்கக்கூடும். பொத்தானை மாட்டும்போது காஜா உள்ள துணி முழுவதும் பொத்தானுக்கு அடியில் அடங்க வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால் துணி சுருங்கி, ஒவ்வொரு முறை மாட்டிக் கழற்றும்போதும் நூல் இழுபட்டுத் தேயும்.

இரட்டையாக்கிய பாலியெஸ்டர் நூலில் முடிச்சிட்டு, ஊசியைத் துணியின் மேற்புறமிருந்து செலுத்துங்கள். முடிச்சு பொத்தானுக்கு அடியில் மறைந்துவிடும். பிறகு பொத்தானின் மேல், துளைகளுக்கு நடுவே ஒரு தீக்குச்சியைக் கிடத்தி, தையல் அதன் மீது செல்லுமாறு ஒவ்வொரு ஜோடித் துளையிலும் மூன்று நான்கு முறை தைத்தபின், குச்சியை உருவிவிட்டுப் பொத்தானை மேலே தூக்குங்கள். அடியில் தளர்வாக நிற்கும் இழைகளைச் சுற்றி அதே நூலை நான்கைந்து முறை இறுகச் சுற்றினால் சிறு தண்டு ஒன்று உருவாகும். இந்தத் தண்டுதான் காஜாவுக்கு இடம் தருகிறது; அவசரத்தில் பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான். ஊசியைத் தண்டின் ஊடாக ஓரிரு முறை செலுத்தி, துணியின் பின்புறம் முடிச்சிட்டு நூலை நறுக்குங்கள்.

நான்கு துளைகளில் பெருக்கல் குறியாகத் தைப்பதும் இணைகோடுகளாகத் தைப்பதும் உங்கள் விருப்பம். மற்ற பொத்தான்களோடு ஒத்திருந்தால் போதும். மெல்லிய சட்டைக்குத் தீக்குச்சி தடிமனாகத் தோன்றினால் குண்டூசியைப் பயன்படுத்தலாம். பழைய இடத்தில் துணி கிழிந்திருந்தால், அதே நிறத் துணித்துண்டு ஒன்றை உட்புறம் வைத்து அதையும் சேர்த்துத் தையுங்கள்.