பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாமான்களுக்குக் காப்பீடு எடுக்க முடியுமா?

துபாயில் வேலை, கும்பகோணத்தில் வீடு என்கிறீர்கள். எடுக்கலாம், ஆனால் எதற்குப் பணம் வரும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, சாமான்களுக்கும் சேர்ந்துவிடும். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அடக்கம். திருட்டுதான் சிக்கல். அப்படியொரு விபத்தின் விளைவாக, அதிலிருந்து 7 நாட்களுக்குள் நடந்த திருட்டுக்கு மட்டுமே இழப்பீடு உண்டு. வெறுமனே பூட்டை உடைத்து டிவியைத் தூக்கிப் போனால் கிடையாது. அதற்குத் திருட்டுக் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அதிலும் 'ஆளில்லா வீடு' என்ற நிபந்தனையைத் தேடிப் பாருங்கள். தொடர்ந்து 30 நாள் போலக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் பூட்டியிருந்தால் பாதுகாப்பு நின்றுபோகும் பாலிசிகள் உண்டு. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நிறுவனத்தின் ஒப்புதலைப் பாலிசியிலேயே குறிக்கச் சொல்லுங்கள். முகவர் தொலைபேசியில் சொல்லும் "பார்த்துக்கலாம் சார்" செல்லாது. உடைத்து நுழைந்த தடயமும் பெரும்பாலும் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்த சாவியால் திறந்து எடுத்துப் போனால் வாதாட வேண்டியிருக்கும்.

நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். மற்றவற்றைப் படம் பிடித்து, ரசீதுகளோடு மின்னஞ்சலில் சேமியுங்கள்.